ஒரே பந்தி, பல விருப்பம்: எல்லைக் கிராமத்துக் கல்யாண வரவேற்பில் உணவைத் தேர்ந்தெடுத்தல்

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் முதற்பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய வனப்பு எட்டினுள் ‘விருந்து’ என ஒன்றை வைத்தபோது, புதிதாக யாக்கப்படும் செய்யுளையே கருதினார். அச்சொல்லே வீட்டுக்குப் புதிதாய் வந்த மனிதரையும் குறித்தது. திருக்குறளில் விருந்து என்றால் வந்தவர்தான். அவருக்கு நாம் இடுகிற சோற்றுக்கும் அதே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. மலையாளத்தில் இன்றும் விருந்தாளியை ‘விருந்நுகாரன்’ என்கிறார்கள். சொல்லின் வரலாறே நமக்கு ஒரு பாடம் சொல்கிறது: முதலில் ஆள், பிறகு சோறு. கல்யாண வரவேற்புக்கு என்ன சாப்பாடு போடலாம் என்ற கேள்வியையும் அந்த வரிசையில் கேட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நடைமுறையில் நாம் தலைகீழாகக் கேட்கிறோம். முதலில் ‘எத்தனை கூட்டம் கறி?’ என்று கேட்டுவிட்டு, வருகிறவர் யார் என்று கடைசியில் யோசிக்கிறோம்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் பலசரக்கு வியாபாரம் செய்து வருபவன் நான். கல்யாணச் சிட்டை எழுத வருகிற வீட்டாரோடு உட்கார்ந்து, அரிசி முதல் அடுப்புக் கரி வரை கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழிலின் ஒரு பகுதி. பிறப்பால் தமிழ்ச் சமணன். என் கடையில் முட்டையும் கருவாடும் கிடையாது. ஆயினும் கோழி சமைக்கப் போகிற வீட்டாரும் மல்லி, மிளகு வாங்க என்னிடம் வருகிறார்கள், யோசனையும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொல்லி வந்ததையே இங்கு ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். தாய்மாநிலத்துக்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இந்தப் பிரச்சினை அவர்களுக்கும் உண்டு என்பதால் இம்மலருக்கு இது பொருந்தும் எனக் கருதுகிறேன்.

எல்லை என்பது இலையிலும் உண்டு

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழிப் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸின் கோரிக்கைப் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. ஆனால் அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளை இப்புறம், இஞ்சிவிளை அப்புறம். சாலையில் நடந்து போகிறவனுக்கு எங்கே ஒரு மாநிலம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது கடைப் பலகையின் எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். 1979இல் திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி ரயில்பாதை திறந்தபின் பாறசாலை கேரளத்தின் தென்கோடி ரயில் நிலையம் ஆயிற்று. அடுத்த ஊர் குழித்துறை தமிழ்நாட்டில். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை.

எனவே இங்கே ஒரு கல்யாண வரவேற்புக்கு வருகிற கூட்டத்தைப் பாருங்கள். லண்டன் மிஷன் காலத்திலிருந்து சபையில் இருக்கும் சி.எஸ்.ஐ. குடும்பங்கள், லத்தீன் கத்தோலிக்கர், நாயர், ஈழவர், நாடார், வேளாளர், விசுவகர்மர், முஸ்லிம்கள், தமிழ்ப் பிராமணர், வியாபாரத்துக்கு வந்த வடநாட்டார், திருநெல்வேலியிலிருந்து வேன் பிடித்து வரும் சொந்தக்காரர், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த நண்பர்கள். இவர்களில் ஒவ்வொருவருக்கும் ‘கல்யாணச் சாப்பாடு’ என்றால் மனத்தில் எழும் படம் வேறு. ஒரே பட்டியல் எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைப்பது, ஒரே அளவுச் சட்டையை எல்லோருக்கும் தைப்பது போல.

சொற்கள் செய்யும் குழப்பம்

பட்டியல் எழுதும் முன் சொற்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எல்லையில் ஒரே சொல் இரண்டு பொருளில் நடமாடுகிறது.

‘கறி’ என்ற சொல் பழைய நூல்களில் மிளகைக் குறிக்கும். மதுரை, சேலம் பக்கத்தில் இன்று கறி என்றால் இறைச்சி. நாஞ்சில் நாட்டிலும் கேரளத்திலும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எதுவும் கறிதான். ‘தொடுகறி’ என்றே சொல்வார்கள். விளம்புகிற பையன் நல்லெண்ணத்தோடு ‘கறி வைக்கட்டுமா?’ என்று கேட்க, சேலத்து மாமி திடுக்கிட்டு இலையைக் கையால் மூடிக்கொள்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவன் வாளியில் இருந்தது வெறும் எரிசேரி!

‘ஊண்’ என்பது உணவு. ‘ஊன்’ என்பது இறைச்சி. ஒரு எழுத்துத்தான் வேறுபாடு. மலையாளத்தில் பகற்சாப்பாட்டுக்கு ஊண் என்றே பெயர். கேரளத்து உணவகப் பலகைகளில் ‘ஊண்’ என்று கண்டு தயங்குகிற நம்மவர், அது சங்ககாலத் தமிழ்ச்சொல் என்று தெரிந்தால் மகிழ்ந்துபோவார்கள்.

‘கிச்சடி’ தமிழ்நாட்டில் ரவையோ சேமியாவோ. திருவனந்தபுரத்தில் அது தயிரில் வெள்ளரிக்காய் போட்ட தொடுகறி. ‘புளிசேரி’ நம்முடைய மோர்க்குழம்புக்கு உறவு. ‘துவரன்’, ‘தோரன்’ என்பது தேங்காய் சேர்ந்த பொரியல். ‘விளம்புதல்’ என்றால் தமிழ்நாட்டு நூல்மொழியில் சொல்லுதல், இங்கே பரிமாறுதல்.

எல்லாவற்றையும்விட எனக்கு வேடிக்கையாக இருப்பது ‘சைவம்’ என்ற சொல்தான். ‘அண்ணாச்சி சைவம்தானே?’ என்று கேட்பார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் சைவரும் சமணரும் வாதிட்ட கதையைப் படித்தவனுக்கு, ஒரு சமணன் சைவன் என்று தலையாட்டுவது சிரிப்பாகத்தான் இருக்கும். ஆட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன். ஆனால் உணவுத் தேர்வைப் பொறுத்தவரை இந்தச் சொல் போதாது. முட்டை சைவமா, கேக் சைவமா, பூண்டு சைவமா என்பதில் ஆளுக்கொரு விடை உண்டு. ஆகவே பெயர்ப்பலகையில் ‘சைவம்’ என்று மட்டும் எழுதாமல், ‘இறைச்சி, மீன், முட்டை இல்லாதது’ என்று விரித்து எழுதுவதே நல்லது.

பந்தியின் பழைய வலி

உணவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பற்றிப் பேசும்போது இந்த மண்ணில் ஒன்றை மறக்கக் கூடாது. திருவிதாங்கூரில் என்ன சாப்பாடு என்ற கேள்விக்கு முன், யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்வி இருந்தது. அரசின் ஊட்டுப்புரைகளில் பிராமணர்க்கு இலவசச் சோறு. மற்றவர்க்கு வாசலே இல்லை. அந்த நிலையில்தான் சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) சமபந்தி உணவை நடத்தினார். திருவனந்தபுரத்தில் தைக்காடு அய்யாவு சுவாமிகள், தமிழர், தைப்பூசத்தன்று எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் இருத்தினார். அப்பந்தியில் அய்யன்காளியும் இருந்தார் என்பர். 1917இல் சேராயில் சகோதரன் அய்யப்பன் நடத்திய மிசிர போஜனம் கேரள வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12. சோற்றுப் பந்தியில் அந்த மாற்றம் முன்னமே தொடங்கிவிட்டது குறிப்பிடத்தக்கது.

இந்த வரலாறு தெரிந்தவர்கள், ‘சைவருக்குத் தனி அறை, மற்றவருக்கு வெளியே பந்தல்’ என்று ஏற்பாடு செய்யும்போது சற்று யோசிக்க வேண்டும். செய்கிறவர் மனத்தில் தீய எண்ணம் இராது. ஆனால் வெளிப்பந்தலுக்கு அனுப்பப்படுகிறவர்க்குத் தம் தாத்தா காலத்து நினைவு வரும். அதுபோலவே, ‘இங்கே எல்லாரும் கோழிதான், உங்களுக்கு வேணும்னா ரசம் சோறு இருக்கு’ என்று ஒரு மரக்கறிக்காரரை ஓரமாக உட்கார வைப்பதும் அவமானமே.

இது கல்யாண வீட்டோடு நிற்கிற பிரச்சினையும் இல்லை. 2023 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த 61ஆவது கேரளப் பள்ளிக் கலைவிழாவில், பழயிடம் மோகனன் நம்பூதிரியின் மரக்கறிச் சமையல் மட்டுமே இருப்பது ஏன் என்று பெரிய விவாதம் எழுந்தது. சாதிப் பழக்கத்தை எல்லோர் மீதும் சுமத்துகிறார்கள் என்றார் ஒரு சாரார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே சமையற்கூடத்தில் ஆக்கும்போது மரக்கறியே பாதுகாப்பு, எல்லோரும் உண்ணக்கூடியது என்றார் மறு சாரார். அவர் இனிச் சமைக்க வரமாட்டேன் என்றார். மறு ஆண்டு கொல்லம் விழாவில் மறுபடியும் சமைத்தார். இரு தரப்பிலும் ஓரளவு நியாயம் உண்டு. அதனால்தான் கல்யாண வீட்டார் இந்த முடிவைச் சமையற்காரரிடம் விட்டுவிடாமல் தாமே எடுக்க வேண்டும் என்கிறேன்.

யாருக்கு என்ன வேண்டும்?

வருகிறவர்களின் தேவைகளை வகைப்படுத்திப் பார்ப்போம்.

முதலில் எங்கள் கூட்டம், எண்ணிக்கையில் சிறியது. சமணர் கொல்லாமை நோன்பால் இறைச்சி, மீன், முட்டை, மது, தேன் ஆகியவற்றை விலக்குவர். மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன ஊர். என்றாலும் பழக்கலவை மேல் ஒரு சொட்டுத் தேன் விட்டால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தொடமாட்டார்கள். கிழங்கு, வெங்காயம், பூண்டு ஆகியவற்றைச் சிலர் எப்போதும், பலர் நோன்பு நாட்களில் விலக்குவர். இவற்றுக்கெல்லாம் மேலாக இரவு உண்ணாமை என்ற விரதம். திருவனந்தபுரம் வட்டாரத்தில் சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாலை 6 மணிக்கும் 6.50க்கும் இடையில். வரவேற்புச் சாப்பாடு தொடங்குவதோ ஏழரைக்கு. பட்டியலில் நூறு வகை இருந்தாலும் எங்களுக்கு அன்று தண்ணீர் கூடக் கிடையாது! இந்த ஊருக்குச் சமணம் புதிதும் அல்ல. மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் உள்ளன.

சூரியனைப் பார்த்து உண்ணும் இன்னொரு கூட்டம் உண்டு. ரமலான் மாதத்தில் வரவேற்பு வைத்தால் நோன்பிருக்கும் முஸ்லிம் நண்பர் சூரியன் மறைந்த அந்த நிமிடத்தில் நோன்பு திறப்பார். சமணன் கை கழுவுகிற நேரத்தில் அவர் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுக்கிறார். மாலை 5 மணிக்கே ஒரு மேசை தயாராக இருந்து, அதில் தண்ணீரும் பேரீச்சம்பழமும் இருந்தால் இருவருக்கும் அது பொதுவாகிவிடும். மற்ற மாதங்களில் அவர்க்குத் தெரிய வேண்டியது இறைச்சி ஹலால் முறையில் அறுக்கப்பட்டதா என்பது. ‘எல்லாம் சரியாத்தான் இருக்கும்’ என்பது விடை ஆகாது; வாங்கிய கடையின் பெயரைச் சொல்ல முடிய வேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட ஐயப்ப பக்தர் இருப்பார். நாள்தோறும் மீன் உண்பவரே அந்த 41 நாளும் மரக்கறிதான். தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர் இறைச்சியை ஒதுக்குவர். எனவே ஒருவர் சாதி மதத்தைப் பார்த்து ‘இவருக்குக் கோழி’ என்று நாமே முடிவு செய்வது தவறாகப் போகும். மாட்டிறைச்சி எல்லையோரக் கிறிஸ்தவ வீடுகளில் வழக்கமான உணவு. அதை வைப்பதானால் பெயரெழுதி, தனிப் பாத்திரம், தனிக் கரண்டியோடு வைக்க வேண்டும். ஒளித்து வைக்கவும் வேண்டாம், மற்றதோடு கலக்கவும் வேண்டாம்.

அடுத்தது உடல்நிலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி கேரளத்தில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இந்தியா முழுமைக்கும் 11.4 சதவீதம். அதாவது பந்தியில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருவர். அவருக்கு மூன்று பாயசமும் போளியும் விளம்பிவிட்டு, ‘இன்னைக்கு ஒரு நாள்தானே’ என்று வற்புறுத்துவது அன்பு அல்ல. சிறிய கிண்ணத்தில் கொடுப்பதும், கேட்டால் மட்டும் கொடுப்பதும் போதும். இறால், நிலக்கடலை, முந்திரி, பால் ஆகியவை ஒவ்வாதவர்களும் உண்டு. அவியலில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். வெள்ளைக் குருமாவில் முந்திரி அரைத்துவிட்டது தெரியாது. சொன்னால்தான் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத இறைச்சி

மரக்கறி என்று நம்பிச் சாப்பிடுவதில் மறைந்திருப்பவை சில உண்டு. பரோட்டா மாவில் முட்டை அடிப்பது பல சமையற்காரர் வழக்கம். புட்டிங் கெட்டியாக ஜெலட்டின் போட்டால் அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுத்தது. கடற்பாசியிலிருந்து வரும் சைனா கிராஸ் போட்டால் மரக்கறி. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. கோழி பொரித்த எண்ணெயிலேயே பப்படம் பொரித்தால் அந்தப் பப்படம் எந்தக் கணக்கில் சேரும்? இவற்றை முன்கூட்டியே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ‘தனி அடுப்பு, தனி எண்ணெய், தனிக் கரண்டி’ என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருந்தால் போதும்.

பெயர்ச்சீட்டில் தமிழ், மலையாளம் இரண்டும் வேண்டும். 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையோர் அரசுக்கே தமிழில் எழுதலாம். நம் வீட்டுக் குழம்புச் சட்டிக்குத் தமிழில் பெயர் எழுதக்கூடாதா? எழுத்தே படிக்காதவர்க்கு, கடைப் பொட்டலங்களில் பார்த்துப் பழகிய பச்சைப் புள்ளியும் பழுப்பு முக்கோணமும் உதவும்.

கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை

வெளிநாட்டுத் தமிழர் வரவேற்புகளில் அழைப்பிதழோடு ஒரு சிறு அட்டை வைத்து, கோழியா மீனா மரக்கறியா என்று குறித்து அனுப்பச் சொல்வது வழக்கம். நம் ஊரில் அந்த அட்டை திரும்பி வராது. ‘சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்க்கிறானா?’ என்று கோபித்துக்கொள்வாரும் உண்டு. ஆகவே நம் வழக்கத்துக்கு ஏற்ற வழி, அழைக்கப் போகும்போதே கேட்பது. இரு வீட்டாரும் வீடு வீடாகப் போய்த்தானே அழைக்கிறோம்? வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு, ‘பெரியவங்களுக்கு ஏதாவது பத்தியம், விரதம் உண்டா?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் அது மரியாதையாகவே படும். வாசலை விட்டு இறங்கியதும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் அழைக்கும் தூரத்துச் சொந்தங்களுக்கும் இதே கேள்வி. சாதியையும் மதத்தையும் கேட்க வேண்டியதில்லை. உணவை மட்டும் கேட்டால் போதும்.

நோட்டில் நான்கு பத்தி போதும்: எல்லாம் உண்பவர், இறைச்சி மீன் முட்டை இல்லாதவர், வெங்காயம் பூண்டும் இல்லாதவர், சூரியன் மறையுமுன் உண்பவர். ஒவ்வாமை உள்ளவர் பெயரை ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். வேன் ஓட்டுநர், படம் பிடிப்பவர், மேளக்காரர், பந்தல்காரர் ஆகியோரையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். அவர்களுக்கும் விருப்பம் உண்டு. மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது விருந்து ஆகாது.

அளவும் அடுப்பும்

இனிக் கணக்கு. இலைச் சாப்பாட்டுக்கு 100 பேருக்கு 10 முதல் 12 கிலோ அரிசி என்பது என் கைக்கணக்கு. தேங்காய்ப்பால் பாயசம் ஆளுக்கு 150 மில்லி வைத்தால் 100 பேருக்கு 15 லிட்டர். என்ன அரிசி என்பதும் தேர்வுதான். இந்தப் பக்கத்தில் புழுங்கல் ஜெயா அரிசியும் சிவப்புச் சம்பாவும் பழக்கம், திருநெல்வேலிக்காரர்க்குப் பொன்னி. பருமனான சோற்றைப் பார்த்து ‘சோறு வேகலையோ?’ என்று கேட்கிற விருந்தினரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு அரிசியும் வைத்து, எது வேண்டும் என்று கேட்டு விளம்புவதால் செலவு கூடாது. மொத்த அளவு அதேதானே.

பலரும் தவறவிடுவது மரக்கறியின் அளவு. 600 பேரில் 150 பேர் மரக்கறி என்றால், 150 பேருக்கு மட்டும் ஆக்கச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கோழி உண்பவரும் அவியலில் ஒரு கரண்டி, துவரனில் ஒரு கரண்டி எடுப்பார். அவருக்கு அது கூடுதல், மரக்கறிக்காரர்க்கு அதுதான் சாப்பாடு. எட்டு மணிக்கு அவியல் தீர்ந்து, கோழி மீதம் கிடக்கும். ஆகவே கோழியை உண்பவர் எண்ணிக்கைக்கு ஆக்கலாம். மரக்கறித் தொடுகறிகளை மொத்தக் கூட்டத்தையும் நினைத்து ஆக்க வேண்டும். செலவும் கோழியை விடக் குறைவே.

இலையா, தானே எடுத்துக்கொள்ளும் முறையா என்பது அடுத்த கேள்வி. இலையில் விளம்பும்போது வரிசை முக்கியம். திருவனந்தபுரத்துச் சத்யாவில் பருப்பு, சாம்பார் முடிந்ததும் பாயசம் வந்துவிடும். பால்பாயசத்தோடு போளி இந்த வட்டாரத்துக்கே உரிய சிறப்பு. அதற்குப் பின் மறுபடி சோறு, புளிசேரி, ரசம், மோர். தஞ்சாவூர்க்காரர் பாயசம் வந்ததும் சாப்பாடு முடியப் போகிறது என்று எண்ணி இலையை மூடிவிடுவார். பக்கத்தில் ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதியோர், கைக்குழந்தைக்காரர், மரக்கறி மட்டும் உண்பவர் ஆகியோருக்கு இலையே வசதி. இளைஞர் கூட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும் முறை. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் இப்போது வரவேற்புகளில் தனி மேசை பிடித்துவிட்டன. விசாகம் திருநாள் மகாராஜா (1880–1885) பரப்பிய அந்தக் கிழங்கு, 1942இல் பர்மா அரிசி நின்றுபோனபோது ஏழை வயிற்றைக் காத்தது. அன்று வறுமைக்கு அடையாளம், இன்று விருந்துக்கு அலங்காரம்!

பாதுகாப்பில் சமரசம் கூடாது. சமைத்த உணவை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தேங்காய் அரைத்த கூட்டும் தேங்காய்ப்பால் பாயசமும் நம் வெயிலில் சீக்கிரம் திரிந்துவிடும். எனவே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆக்காமல் இரண்டு தவணையாக ஆக்கச் சொல்லலாம். பச்சை முட்டையில் செய்த மயோனைசைக் கேரள அரசு 2023 ஜனவரியில் தடை செய்தது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சமையல் ஒப்பந்தக்காரர் உரிமமோ பதிவோ பெற்றிருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளைகளைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதலும் கேரளம் 2020 ஜனவரி 1 முதலும் தடுத்துவிட்டன. வாழையிலைக்கு எந்த அரசும் தடை போடாது.

இரு வீட்டார் கதை

இவையெல்லாம் நடைமுறைக்கு வருமா என்று கேட்பவர்க்கு ஒரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் நெய்யாற்றின்கரையில் குடியேறிய திருநெல்வேலிச் சைவக் குடும்பம். பெண் வீட்டார் இஞ்சிவிளைப் பக்கம், சபைக் குடும்பம். காதல் திருமணம். மதத்தை ஒருவாறு பேசி முடித்தவர்கள் சாப்பாட்டில் வந்து முட்டிக்கொண்டார்கள். ‘மண்டபத்துக்குள்ள மீன் வாடை வந்தா எங்க அம்மா படி ஏற மாட்டா’ என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். ‘கோழி இல்லாம என்ன கல்யாணம் அண்ணாச்சி? எங்க ஆளுக சிரிச்சிருவாங்க’ என்றார் பெண்ணின் தாய்மாமன். சிட்டை எழுத வந்த இருவரும் என் கடைப் பலகையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

நான் ஒன்றுதான் கேட்டேன்: ‘ரெண்டு வேளை இருக்கே, ரெண்டையும் ஏன் ஒரே வேளையில போட்டு இழுக்கிறீங்க?’ பகல் விருந்து எல்லோருக்கும் மரக்கறி, இலையில், ஒரே பந்தி. மாலை வரவேற்பில் இரண்டு ஆக்குப்புரை, கொஞ்சம் தள்ளித் தள்ளி. ஆனால் உட்காரும் மேசைகள் பொது. ஐந்து மணிக்கே மரக்கறி மேசை திறந்துவிடும். பெண் வீட்டார் பகலுக்கு ஒப்புக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் மாலைக்கு ஒப்புக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் பாட்டி மாலையில் வரவில்லை. அது அவர் முடிவு. ஆனால் பகலில் சம்பந்தி வீட்டுப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து போளியும் பால்பாயசமும் சாப்பிட்டார். தாய்மாமன் தம் கையாலேயே அவருக்கு விளம்பினார். நூறு சதவீதம் எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல மாட்டேன். இரு வீடும் இன்றும் ஒன்றுக்கொன்று போய் வருகின்றன, அது போதாதா?

கொல்லாமையும் விருந்தோம்பலும்

‘கொல்லாமை நோன்பிகளான நீங்கள் இப்படிக் கோழிக்கும் இடம் சொல்லலாமா?’ என்று எங்கள் இனத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. இதற்கு விடை திருக்குறளின் அமைப்பிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது. விருந்தோம்பல் 9ஆம் அதிகாரம், இல்லறவியலில் இருக்கிறது. புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரம், கொல்லாமை 33ஆம் அதிகாரம், இவ்விரண்டும் துறவறவியலில். வள்ளுவர் கொல்லாமையை எவ்வளவு உயர்வாகச் சொன்னார் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் விருந்தினரை எதிர்கொள்ளும் கடமையை அவர் இல்லறத்தானுக்கு முதலில் வைத்தார். விரதம் என்பது ஒருவன் தன் மேல் போட்டுக்கொள்ளும் கட்டு. அதை அடுத்தவர் இலை மேல் போடுவதற்கு இல்லை.

அதே நேரம், விருந்தோம்பல் என்ற பெயரால் என் விரதத்தை நான் கைவிட வேண்டியதும் இல்லை. என் வீட்டுக் கல்யாண வரவேற்பு மாலை 4 மணிக்குத் தொடங்கி ஆறுக்குள் முடிந்தது, முழுக்க மரக்கறி. அழைக்கப் போனபோதே அதைச் சொல்லித்தான் அழைத்தேன். மீன் இல்லாமல் ஒரு வாய் இறங்காத நண்பர்களும் வந்தார்கள், அவியலை மறுமுறை கேட்டு வாங்கினார்கள். வீட்டார் தம் கொள்கைப்படி ஒரே வகை உணவு போடுவதில் குற்றமில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும், போடுவதை முழு மனத்தோடு போட வேண்டும். இரண்டு வகையும் போடுபவர் இரண்டையும் ஒரே மரியாதையோடு போட வேண்டும்.

மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழும் நாம் எல்லோருமே ஒரு காலத்தில் இன்னொருவர் ஊருக்குப் புதிதாய் வந்தவர்கள்தாம். பழந்தமிழ்ப் பொருளில் விருந்து என்றே சொல்லலாம். நமக்கு இலை போட்டவர்கள் நம்மிடம் கேட்டுத்தான் போட்டார்கள். நம் பிள்ளைகள் கல்யாணத்திலும் அப்படியே கேட்டுப் போடுவோம்.